பக்கவாதச் சிகிச்சைக்குப் பின் ஸ்டாட்டின் மாத்திரை: வீடு திரும்பும் குடும்பத்தாருக்கு ஒரு வழிகாட்டி

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தவர், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனையிலோ சிகிச்சை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது, உடன் இருப்பவர் கையில் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டும் ஒரு பை நிறைய மாத்திரைகளும் இருக்கும். அந்தப் பையில் உள்ளவற்றில் எல்லாவற்றுக்கும் முன்பாக நின்றுபோவது, ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைதான். ரத்த அழுத்த மாத்திரையை விட்டால் கருவியில் எண் ஏறுகிறது. சர்க்கரை மாத்திரையை விட்டால் சில நாட்களில் தாகமும் சோர்வும் காட்டிக்கொடுக்கின்றன. ஸ்டாட்டினை விட்டால் அன்றைக்கும் ஒன்றும் தெரியாது, அடுத்த மாதமும் ஒன்றும் தெரியாது. அந்த மாத்திரையை ஏன் விடக்கூடாது, எப்படிக் கொடுக்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும், அதன் கூடவே கைகாலை மீட்கும் பயிற்சியை வீட்டில் எப்படி நடத்துவது என்பதையும் இப்போதுதான் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பத்தாருக்காக எழுதுகிறேன்.

மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நின்று சீட்டு வாங்கிப் படிப்பது என் தொழில். முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, கணவருக்கு மறுமாத மருந்து வாங்க மஞ்சள் பையை மேசைமேல் கவிழ்த்தார். ஆஸ்பிரின் அட்டை காலி. பிரஷர் மாத்திரை அட்டையில் இரண்டோ மூன்றோ மிச்சம். அட்டோர்வாஸ்டாட்டின் அட்டை மட்டும் ஓர் ஓரத்தில் கிழிபட்டு, மற்றக் குமிழ்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கேட்டதற்கு, "அது கொழுப்பு மாத்திரைதான அண்ணாச்சி? அவிய எண்ணெய்ப் பலகாரமே தொடமாட்டாவ, அதாம் குடுக்கல" என்றார். கணவர்மீது அக்கறை இல்லாதவர் பேச்சு அல்ல இது. அந்த மாத்திரை எதற்கு என்று அவருக்குப் புரியும்படி ஒருவரும் சொல்லவில்லை என்பதே இதற்குப் பொருள்.

சீட்டில் என்ன பார்க்க வேண்டும்

வீட்டுக்கு வந்த அன்றே சீட்டை எடுத்து, வந்தது எந்த வகைப் பக்கவாதம் என்று பாருங்கள். இஸ்கீமிக் ஸ்ட்ரோக் என்றோ இன்ஃபார்க்ட் என்றோ எழுதியிருந்தால் ரத்தக்குழாய் அடைப்பு. ஹெமரேஜ் என்று இருந்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு. பக்கவாதங்களில் பெரும்பாலானவை அடைப்பினால் வருபவை. இந்தக் கட்டுரை அவர்களுக்கானது. ரத்தக்கசிவு வந்தவருக்கு ஸ்டாட்டின் வேண்டுமா வேண்டாமா என்பது நரம்பியல் மருத்துவர் தனியாக எடுக்க வேண்டிய முடிவு. அவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக எதையும் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

அடைப்பு எங்கிருந்து வந்தது என்பதும் பெரும்பாலும் சீட்டில் இருக்கும். கழுத்திலோ மூளையிலோ உள்ள ரத்தக்குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, அது வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். மூளைக்குள் உள்ள மிகச் சிறிய குழாய்கள், பல ஆண்டு ரத்த அழுத்தத்தாலும் சர்க்கரையாலும் கெட்டுப்போய் அடைத்திருக்கலாம். இதயத்துடிப்பு தாறுமாறாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நிலையில், இதயத்துக்குள் உறைந்த கட்டி ஒன்று மூளைக்குப் போய் நின்றிருக்கலாம். கடைசி வகையில் முதன்மையான மருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. அதன் இடத்தை ஸ்டாட்டின் பிடிக்க முடியாது. முதல் இரண்டு வகையிலும் ஸ்டாட்டினுக்கு நேரடியான வேலை இருக்கிறது.

மருத்துவமனையில் என்ன சிகிச்சை நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு, ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லையென்று உறுதியானபின், உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் அல்டிப்ளேஸ் அல்லது டெனெக்டிப்ளேஸ் ஊசி போடப்படுகிறது. பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகவோ கை வழியாகவோ மெல்லிய குழாயை மூளைவரை செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கிறார்கள். இதற்கு 6 மணி நேரம் என்று இருந்த எல்லை, 2018இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம்வரை நீண்டிருக்கிறது. நேரம் தாண்டி வந்தவர்களுக்கு இவை இரண்டும் இல்லாமல் மாத்திரைகளோடு சிகிச்சை நடந்திருக்கும். எப்படி நடந்திருந்தாலும் அந்தச் சிகிச்சை அன்றைய அடைப்புக்கானது. வாய்க்காலில் விழுந்த மண்ணை வாரிவிட்டால் தண்ணீர் ஓடும். மண் சரிந்த கரையைக் கட்டாமல் விட்டால் அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடி தூரும். குழாயின் உட்சுவரில் உள்ள கொழுப்புப் படிவம்தான் இங்கே அந்தக் கரை.

இந்த மாத்திரை உடம்பில் செய்வது

நம் ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலும் உடலின் மற்றத் திசுக்களும் தாமே செய்துகொள்கின்றன. சாப்பாட்டிலிருந்து வருவது அதைவிடக் குறைவு. எண்ணெய்ப் பலகாரம் தொடாதவருக்கும் இந்த மாத்திரை ஏன் வேண்டும் என்பதற்கான விடை இதுதான். கொலஸ்ட்ரால் செய்வதற்குத் தேவையான ஒரு நொதியை ஸ்டாட்டின் தடுக்கிறது. உள்ளே உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் ரத்தத்தில் ஓடும், கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளத் தொடங்குகிறது, எல்.டி.எல். இறங்குகிறது. அதோடு, குழாய்ச் சுவரில் உள்ள கொழுப்புப் படிவத்தின் அழற்சி தணிந்து, அதன் மேல்மூடி உறுதியாகிறது. வெடிக்காத படிவத்தின்மேல் ரத்தம் உறைவது குறைவு. ஜப்பானியரான அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து இந்த வகையின் முதல் பொருளைப் பிரித்தெடுத்தார். முதல் ஸ்டாட்டின் மருந்து 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. ஆகவே இது இப்போது வந்து சோதித்துப் பார்க்கப்படும் மருந்து அல்ல.

பக்கவாதம் வந்தவர்களிடமே இதைச் சோதித்த பெரிய ஆய்வு 2006இல் வெளியானது. இதயநோய் இல்லாத 4,731 பேரில் ஒரு பாதியினர் தினமும் 80 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிட்டார்கள். மறுபாதியினர் மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில், மருந்தில்லாதவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கும், ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும் மறுபடி பக்கவாதம் வந்தது, மாரடைப்பும் குறைந்தது. கேட்பதற்குச் சிறிய வித்தியாசமாகத் தோன்றும். ஆனால் ரத்த அழுத்தத்தை அடக்குவதாலும் ஆஸ்பிரினாலும் பீடியை விடுவதாலும் கிடைக்கும் பலனோடு இது கூடிச் சேர்கிறது. அதே ஆய்வில் மூளைக்குள் ரத்தக்கசிவு சற்று அதிகமாக இருந்தது: ஸ்டாட்டின் பக்கம் 55 பேர், மறுபக்கம் 33 பேர். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்காமல் ஸ்டாட்டினை மட்டும் நம்பக்கூடாது என்று நான் ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்வது இதனால்தான்.

இந்த மாத்திரை விழுந்த கையைத் தூக்கிவிடாது என்பதையும் தொடக்கத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும். முதல் நாளே தொடங்கினால் கைகால் விரைவாகத் திரும்பும் என்ற எதிர்பார்ப்பில் நடந்த ஆய்வுகளில் அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. மீட்சி பயிற்சியால் வருகிறது. அந்த மீட்சியை இன்னொரு பக்கவாதம் வந்து அழித்துவிடாமல் காப்பது ஸ்டாட்டினின் வேலை. ஆனால் ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் பக்கவாதம் வந்தால், மருத்துவமனையில் சேர்க்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு முதல் மூன்று நாள் மாத்திரையை நிறுத்திப் பார்த்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்றில், நிறுத்தியவர்களின் நிலை மூன்று மாதத்துக்குப் பிறகு மோசமாக இருந்தது; அது 2007இல் வெளியானது.

மாத்திரை கொடுக்கும் முறை

முதலில் விழுங்கத் தெரிகிறதா என்று பாருங்கள். பக்கவாதத்துக்குப் பின் பலருக்கு விழுங்கும் தசை தளர்ந்திருக்கும். தண்ணீர் மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரும். மருத்துவமனையில் விழுங்கும் சோதனை நடந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளியை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரு மாத்திரையாகக் கொடுங்கள். இருமலோ, குடித்தபின் குரலில் கொழகொழப்போ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். மூக்குக்குழாய் வழியாகக் கொடுக்க வேண்டியவர்களுக்கு எல்லா மாத்திரையையும் பொடித்துவிட முடியாது. வயிற்றைக் காக்க மேலே பூச்சுப் பூசிய ஆஸ்பிரினைப் பொடித்தால் அந்தப் பூச்சு வீணாகும். எதைப் பொடிக்கலாம், எதற்கு மாற்று வேண்டும் என்று மருந்தாளுநரிடம் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் உடலில் நெடுநேரம் தங்குபவை. காலையோ இரவோ, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ, எப்போது மறக்காமல் கொடுக்க முடியுமோ அப்போது கொடுக்கலாம். சிம்வாஸ்டாட்டின் இரவில் சாப்பிட வேண்டியது. மேலப்பாளையத்தில் ரமலான் நோன்பு நோற்பவர்களும், சஷ்டி விரதம் இருப்பவர்களும் ஸ்டாட்டினை நோன்பு திறந்தபின் அல்லது இரவில் சாப்பிட்டுக்கொள்ளலாம். அதற்காக அதை நிறுத்தத் தேவையில்லை. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அப்படியல்ல. விரதம் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்தபோது கொடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் வழக்கமான ஒன்றை மட்டும் கொடுங்கள், இரண்டாகச் சேர்க்காதீர்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். நம் ஊரில் ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் ஒரே கேப்சூலில் சேர்ந்து வருகின்றன. சிலவற்றில், ஆஸ்பிரினைப் போலவே ரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் குளோபிடோக்ரலும் கூடவே இருக்கும். ஈகோஸ்பிரின் ஏவி என்று வாங்கும் கேப்சூலில் ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டாட்டினும் இருக்கின்றன. ஈகோஸ்பிரின் கோல்டு என்பதில் குளோபிடோக்ரலும் சேர்கிறது. ஒரே கேப்சூல் என்பது வசதிதான். ஆனால் இதில் மூன்று இடங்களில் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. முதலாவது, பல் பிடுங்கவோ சிறு அறுவைக்கோ போகும்போது, ரத்தக்கசிவு ஆகும் என்று ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்கிறார்கள். கேப்சூலை நிறுத்தினால் ஸ்டாட்டினும் சேர்ந்தே நிற்கிறது, பிறகு இரண்டையும் தொடங்க ஒருவருக்கும் நினைவு வருவதில்லை. ஆஸ்பிரினையே நிறுத்தத் தேவையில்லாத சிகிச்சைகள் பல உண்டு. பக்கவாதம் வந்தவர் என்று பல் மருத்துவரிடம் சொல்லி, நரம்பியல் மருத்துவரையும் கேட்டபிறகே முடிவெடுங்கள். இரண்டாவது, ஒரு மருத்துவர் கேப்சூலும் இன்னொரு மருத்துவர் தனி ஸ்டாட்டினும் எழுதிக்கொடுக்க, இரட்டை அளவு உள்ளே போகிறது. மூன்றாவது, லேசான பக்கவாதத்துக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் பொதுவாக மூன்று வாரம் மட்டும் சேர்த்துக் கொடுத்து, பிறகு ஒன்றை நிறுத்துவது வழக்கம். இரண்டும் அடங்கிய கேப்சூலையே கடையில் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தால் ரத்தக்கசிவுக்கு இடமாகும். ஆகவே பெட்டியின் மேல் உள்ள பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களையும் மில்லிகிராம் எண்களையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள். எந்த மருந்து எத்தனை நாள் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சாதாரணச் சளி காய்ச்சலுக்கு ஸ்டாட்டினை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும், படர்தாமரைக்கு எழுதப்படும் இட்ராகோனசோல் போன்ற மருந்துகளும் சில ஸ்டாட்டின்களின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். புதிதாக எந்த மருந்து எழுதப்பட்டாலும் பழைய தாளைக் காட்டுங்கள். மஞ்சள்காமாலை வந்தால் கீழாநெல்லியோடு வீட்டிலேயே இருந்துவிடாமல் மருத்துவரிடம் போங்கள்; அப்போது ஸ்டாட்டினைச் சிறிது காலம் நிறுத்தச் சொல்லலாம், எப்போது திரும்பத் தொடங்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனையும் அதிலுள்ள எண்களும்

மாத்திரை தொடங்கி 4 முதல் 12 வாரங்களுக்குள் லிப்பிட் என்ற ரத்தக் கொழுப்புப் பரிசோதனை செய்ய வேண்டும். அதன்பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக 3 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை. லேப் கொடுக்கும் தாளில் மொத்தக் கொலஸ்ட்ராலைப் பார்த்து 'நார்மல்' என்று மடித்து வைத்துவிடாதீர்கள். எல்.டி.எல். என்ற வரியைத் தேடுங்கள். அதன் பக்கத்தில் 100க்குக் கீழ் அல்லது 130க்குக் கீழ் என்று அச்சிட்டிருப்பது பக்கவாதம் வராத பொதுமக்களுக்கான அளவு. கொழுப்புப் படிவத்தால் பக்கவாதம் வந்தவர்களுக்கு இலக்கு 70க்குக் கீழ். பிரான்சிலும் தென்கொரியாவிலும் 2,860 பேரிடம் நடந்து 2020இல் அச்சில் வந்த ஆய்வில், 70க்குக் கீழ் வைத்தவர்களில் நூற்றுக்கு 8.5 பேருக்கும், 90க்கும் 110க்கும் இடையில் வைத்தவர்களில் 10.9 பேருக்கும் பக்கவாதம், மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பு வந்தது.

ஸ்டாட்டின் அளவை இருமடங்கு ஆக்கினால் எல்.டி.எல். மேலும் 6 சதவீதம் போலத்தான் குறையும். ஆகவே முதலிலேயே தேவையான வலிமையில் தொடங்குவது வழக்கம்: அட்டோர்வாஸ்டாட்டின் 40 அல்லது 80 மில்லிகிராம், அல்லது ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், இவை எல்.டி.எல்.லை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பவை. வயது, சிறுநீரகத்தின் நிலை, உடல் எடை பார்த்து மருத்துவர் இதைவிடக் குறைவாகவும் எழுதலாம்; ஆசியர்களின் ரத்தத்தில் ரோசுவாஸ்டாட்டின் கூடுதலாகத் தங்குவதால் அதில் கவனம் வேண்டும். முழு அளவு கொடுத்தும் 70க்குக் கீழ் வரவில்லையென்றால் எசெடிமைப் என்ற இன்னொரு மாத்திரை சேர்க்கப்படும். எல்.டி.எல். இறங்கி 65 என்று வந்தவுடன், "கொழுப்பு சரியாயிட்டு, இனி எதுக்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. அந்த 65 மாத்திரையால் வந்தது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய எண்ணுக்கே ஏறிவிடும். இது வாழ்நாள் மருந்து என்பதை முதல் மாதத்திலேயே நோயாளியிடம் சொல்லிவிடுவது நல்லது.

சர்க்கரை அளவு ஸ்டாட்டினால் சிறிது ஏறக்கூடும். சர்க்கரை நோயின் எல்லையில் இருப்பவருக்கு அது நோயாக மாறலாம். அதற்காக ஸ்டாட்டினை விடுவதில் கிடைக்கும் லாபத்தைவிட இழப்பே பெரிது. சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு தொடர வேண்டும்.

கைகாலுக்கான வேலை

பக்கவாதம் வந்தபின் முதல் மூன்று மாதங்களில் மீட்சி மிக விரைவாக நடக்கும். ஆறு மாதம்வரை கண்ணுக்குத் தெரியும்படி தொடரும். அதன்பிறகும் மெதுவாக நடந்துகொண்டிருக்கும். ஆகவே வீட்டுக்கு வந்த வாரத்திலேயே இயன்முறை மருத்துவரைப் பார்த்துப் பயிற்சியைத் தொடங்குங்கள். அதற்காக முதல் நாளே எழுப்பி நடக்கவைக்கவும் கூடாது. பக்கவாதம் வந்து 24 மணி நேரத்துக்குள் கடுமையாக நடமாட வைத்தவர்களின் மீட்சி குறைந்ததாக 2015இல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. எப்போது உட்கார வைப்பது, எப்போது நிற்க வைப்பது என்பதை மருத்துவமனையில் சொல்வார்கள்.

விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். உறவினர்கள் பார்க்க வரும்போது அன்பினால் செய்யும் கேடு இது. தசை தளர்ந்த தோள்மூட்டு எளிதில் நழுவிவிடும். அதன் வலி மாதக்கணக்கில் நீடித்து, பயிற்சியையே நிறுத்திவிடும். இடுப்பில் கைகொடுத்து எழுப்புங்கள். உட்கார்ந்திருக்கும்போது கையைத் தலையணை மேல் தாங்கி வையுங்கள். படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள்.

மூளை திரும்பத் திரும்பச் செய்யும் வேலையிலிருந்து கற்றுக்கொள்கிறது. சும்மா கையை மடக்கி நீட்டுவதைவிட, வீட்டில் நடக்கும் ஒரு வேலையை அந்தக் கையால் செய்ய வைப்பது பயன் தரும். முருங்கைக்கீரையை நோயாளி முன் வைத்து, நல்ல கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு விழுந்த கையின் விரல்களால் இலையை உருவச் சொல்லலாம். தட்டாம்பயற்றை ஒவ்வொன்றாக எடுத்து டம்ளரில் போடச் சொல்லலாம். துண்டை மடிக்கச் சொல்லலாம். தொடக்கத்தில் நான்கு இலைக்கே நெடுநேரம் ஆகும், பொறுக்க முடியாமல் நீங்களே செய்துவிடத் தோன்றும்; செய்துவிடாதீர்கள். களைப்பு வருமுன் நிறுத்தி, ஒரு நாளில் பலமுறை சிறிது சிறிதாகச் செய்ய வையுங்கள். நடைப்பயிற்சிக்கு முன் வீட்டைப் பாருங்கள்: திண்ணைப் படிக்கும் கழிப்பறைக்கும் பிடிக்கம்பி, வழுக்காத தரை, உட்காரும் உயரத்தில் கழிப்பறை நாற்காலி. ஆற்றில் குளித்துப் பழகியவர் என்றாலும், இப்போதைக்குத் தாமிரபரணிப் படித்துறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள்.

புறா ரத்தம் தேய்ப்பது, பல நாள் வண்டி பிடித்துப் போய் எண்ணெய் போடுவது என்று யோசனை சொல்லப் பலர் வருவார்கள். புறா ரத்தத்தால் ஒரு பயனும் இல்லை. எண்ணெய் தேய்த்துவிடுவது நோயாளிக்கு இதமாக இருந்தால் மென்மையாகச் செய்யலாம். ஆனால் உணர்ச்சி குறைந்த கையில் சூடான எண்ணெய் கொப்புளம் போட்டுவிடும், நோயாளிக்குத் தெரியாது. 'அந்த வைத்தியம் நடக்கும்போது இங்கிலீஷ் மாத்திரை கூடாது' என்று யாராவது சொன்னால், அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்காதீர்கள்.

பேச்சு குழறியவருக்குப் பேச்சுப்பயிற்சி உண்டு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சாப்பிடாமலும் பயிற்சிக்கு எழாமலும் மாத்திரையைத் தள்ளிவிட்டும் இருப்பது பிடிவாதமாகத் தோன்றும், அது நோயின் பகுதியாக இருக்கலாம். மருத்துவரிடம் சொன்னால் அதற்கும் மருந்து உண்டு.

வலி வந்தால்

பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் உடம்பு வலிக்கிறது என்பார்கள். அதே நேரத்தில் ஸ்டாட்டினும் தொடங்கியிருக்கும். பழி அதன்மேல் விழும். இங்கே நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். ஸ்டாட்டினால் வரும் தசைவலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரேபோல், தொடை, கெண்டைக்கால், தோள் போன்ற பெரிய தசைகளில், மாத்திரை தொடங்கிய வாரங்களிலோ அளவைக் கூட்டியபோதோ வரும். விழுந்த பக்கத்துத் தோளில் மட்டும் வலி, அந்தக் காலில் மட்டும் இறுக்கம் என்றால் அது பக்கவாதத்தின் விளைவாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். முந்தின நாள் நெடுந்தூரம் நடக்க வைத்திருந்தால் அந்த வலி இரண்டு மூன்று நாளில் அடங்கும்.

வலி தொல்லை கொடுத்தால் மருத்துவரிடம் போங்கள். தசைநொதியான சி.கே. அளவையும் தைராய்டையும் வைட்டமின் டி-யையும் பார்ப்பார். தேவைப்பட்டால் வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவார் அல்லது அளவைக் குறைத்து எசெடிமைப் சேர்ப்பார். கடும் பயிற்சி செய்தாலும் சி.கே. ஏறும் என்பதால், பயிற்சி செய்வதை அவரிடம் சொல்லுங்கள். ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்ட 60 பேரிடம் இங்கிலாந்தில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தில்லாத மாத்திரை, சில மாதம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றி, கொடுப்பது எந்த மாத்திரை என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டினால் வந்ததாக உணர்ந்த தொல்லையில் 90 சதவீதம் மருந்தில்லாத மாத்திரைக்கும் வந்தது. தங்கள் கணக்கைப் பார்த்தபின் அவர்களில் பாதிப் பேர் திரும்பத் தொடங்கினார்கள். அவர்கள் பட்ட வலி பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. மாத்திரை என்ற பயமும் வலியைக் கொண்டுவரும் என்பதே பொருள். பயமுறுத்தும் வாட்ஸ்அப் செய்திகளை நோயாளிக்குப் படித்துக்காட்டாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலையும் உண்டு. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது, எழுந்திருக்க முடியாதபடி இரண்டு பக்கத் தசையும் வலித்துத் தளர்வது, கண் மஞ்சளாவது ஆகியவை அந்த அறிகுறிகள். இவை மிக அரிதாகவே வரும்.

சாப்பாடும் பீடியும்

மாத்திரை சாப்பிடுகிறோமே என்று சாப்பாட்டை விட்டுவிட முடியாது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் உப்பைக் கொண்டுவந்து ரத்த அழுத்தத்தை ஏற்றுபவை. ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும், ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழ் இருக்க வேண்டும். தேங்காய்ப்பால் ஊற்றிய சொதியும் நெய் வடியும் அல்வாவும் விசேஷ நாளுக்கு ஒரு சிறு அளவு என்று வைத்துக்கொள்ளலாம். கருப்பட்டிக் காப்பி சர்க்கரைக்காரருக்கு ஆகும் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் வேரூன்றியிருக்கிறது. கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். பீடியைப் பற்றிச் சமாதானம் ஒன்றும் இல்லை: பீடி சுற்றிப் பிழைக்கும் ஊர்களில் இதைச் சொல்வது எளிதல்ல என்றாலும், நோயாளி புகைப்பதை முழுதாக விட வேண்டும், வீட்டுக்குள் வேறு யாரும் புகைக்கவும் கூடாது.

மருந்து தீராமல் இருக்க

அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். நடக்க முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். வீட்டுக்கு வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கும் பிரிவும் அதில் இருக்கிறது. அவர்கள் கொடுக்கும் பையில் ஸ்டாட்டின் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் எங்கே பெறுவது என்று அவர்களிடமே கேளுங்கள். வெளியில் வாங்குவதானால் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் ஆகியவற்றில் அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பெயர் வேறாக இருந்தாலும் மருந்தும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால் போதும். கடைசி அட்டையைத் திறக்கும் நாளில் அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள். ஊர்க் கொடைக்கோ, பிள்ளைகளைப் பார்க்க வெளியூருக்கோ போனால் நாட்களைக் கணக்கிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

மறுபடி அறிகுறி தெரிந்தால்

எல்லா மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிட்டாலும் மறுபடி வரக்கூடும். முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தொய்வது, பேச்சு குழறுவது, திடீரென்று நடை தள்ளாடுவது, கண் தெரியாமல் போவது ஆகியவற்றில் எது வந்தாலும், சிறிது நேரத்தில் தானே சரியானாலும், 108க்கு அழையுங்கள். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. திசையன்விளையிலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ பாளையங்கோட்டை வர ஒரு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். பக்கத்து ஊர் கிளினிக்கில் காட்டிவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள், சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் தெரியாது; ஆகவே வீட்டில் கூடுதல் ஆஸ்பிரினோ கூடுதல் ஸ்டாட்டினோ, தண்ணீரோ வாயில் கொடுக்காதீர்கள். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; தூங்கி எழுந்தபோது கண்டால், தூங்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள். அலமாரிக் கதவில் ஒட்டிய தாளையும் மாத்திரைப் பையையும் அப்படியே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறாரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதைப் பார்த்துத்தான் கரைக்கும் ஊசி போடலாமா என்று மருத்துவர் முடிவெடுப்பார்.